பாம்புக்கும் சத்திரசிகிச்சை செய்த மன்னன்

புத்ததாசன் என்ற பெயர் இலங்கையில் பாடசாலைக்குப் போன எவருக்கும் முற்றாகப் புதியதல்ல. அநுராதபுரத்து மன்னர்களின் நீண்ட வரிசையில், வைத்தியனாகவும் இருந்தவன் என்று ஒரு வரியில் வந்து போவான். பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதும். நான் அவனைத் தேடித் திரும்பவும் போனதற்குக் காரணம் வேறு. முடமான மனிதனையும் முடமான மிருகத்தையும் பராமரிப்பது இந்த நாட்டில் எப்போதாவது ஓர் அரசின் கடமையாக இருந்ததா என்று அறிய விரும்பினேன். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதில்களில் ஒன்று இந்த மனிதனின் வாழ்க்கை.

சாகாமத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை. அக்கரைப்பற்றிலிருந்து சாகாமம் வீதியால் உள்ளே வந்தால் வயல், குளம், அதற்கப்பால் காடும் மேய்ச்சல் தரையும். பட்டி மாடு வைத்திருப்பவர்களின் பக்கம் இது. யுத்தகாலத்தில் அதிரடிப்படை முகாம் இருந்த பக்கமும்கூட. 1990இல் இந்தக் கரையோரத்துத் தமிழ்க் கிராமங்கள் இடம்பெயர்ந்தபோது மாட்டைக் கயிறு அறுத்து விட்டுவிட்டுப் போனவர்கள் இன்றும் எம்மிடையே இருக்கிறார்கள். மிதிவெடிக் காலம் போய்விட்டது என்று வைத்துக்கொண்டாலும், பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கு இருக்கிறது, சுருக்குக் கம்பி இருக்கிறது, இரவில் வேகமாக ஓடும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மூன்று காலில் ஓடும் நாயைக் காணாமல் இந்த வீதியால் ஒருநாள் போய்வருவது கடினம். பட்டி முழுவதும் போன பிறகு, பின்னங்காலை இழுத்துக்கொண்டு கடைசியாக வரும் பசு ஒன்றும் எப்போதும் இருக்கும்.

புத்ததாசனைப் பற்றி எமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி சூளவம்சத்தின் 37ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. மகாவம்சத்தின் தொடர்ச்சி அது. அதை எழுதியவர் என்று மரபு சொல்லும் தம்மகித்தி தேரர் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். மன்னன் வாழ்ந்ததோ 4ஆம் நூற்றாண்டில். இடையில் 800 ஆண்டுகளுக்கு மேல். இந்த நூல்வரிசையின் மீது தமிழ் வாசகருக்கு இருக்கும் கசப்பு எனக்கும் உண்டு. எம்மைப் படையெடுத்து வந்தவர்களாக மட்டும் காட்டும் நூலில் எமக்கு என்ன வேலை என்று கேட்பவரோடு நான் சண்டைபிடிக்க மாட்டேன். ஆனால் அந்த நூலை மேடைகளில் தூக்கிப் பிடிப்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் தூக்கிப் பிடித்ததை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்காகவே வாசித்தேன்.

அவன் மகாசேனனின் வழியில் வந்தவன். தேவாலயங்களை இடித்து விகாரைகள் கட்டினான் என்று மகாவம்சமே சொல்லும் அதே மகாசேனன். இடிக்கப்பட்டவற்றுள் கோகர்ணமும், அதாவது திருகோணமலையும், சேர்ந்திருக்கிறது. மின்னேரியாக் குளத்தைக் கட்டியவனும் அவன்தான். அந்த வம்சத்தில் புத்ததாசனுக்குத் தகப்பனாக வந்த ஜேட்டதிஸ்ஸன் வேறுவிதமான ஆள். யானைத்தந்தத்தில் சிற்பம் செதுக்குவதில் அவன் வல்லவன், தான் கற்ற கலையைப் பலருக்கும் கற்றுக்கொடுத்தான் என்று நூல் சொல்கிறது. அரசன் ஒருவனைப் பற்றிச் சொல்லும்போது அவன் கைவேலையைச் சொல்வது அபூர்வம். தகப்பனின் கையில் உளி இருந்தது, மகனின் கையில் கத்தி வந்தது என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு. சத்திரசிகிச்சைக்கான கருவிகளை மன்னன் எப்போதும் தன் உடைமடிப்பிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான் என்ற குறிப்பும் அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கிறது.

அவனுக்கு 80 ஆண்மக்கள் இருந்தார்கள், புத்தரின் 80 பெருஞ்சீடர்களின் பெயர்களை அவர்களுக்கு வைத்தான் என்பது நூலின் கணக்கு. 29 ஆண்டுகள் ஆண்டான். படையெடுப்பு, வெற்றி, பகைவரின் தலை என்று இந்த நூல்வரிசை விரும்பிச் சொல்லும் எதுவும் அவன் கதையில் பெரிதாக இல்லை. நோயாளிகள்தான் வரிசையாக வருகிறார்கள்.

அவர்களில் மிகப் பேர்பெற்ற நோயாளி ஒரு பாம்பு.

மன்னன் யானைமேல் ஏறித் திஸ்ஸவாவிக்குப் போய்க்கொண்டிருந்தான். வழியில் ஒரு புற்றின்மேல் பெரிய நாகம் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் வயிற்றில் கட்டி. நோயைக் காட்டத்தான் அது அப்படிக் கிடக்கிறது என்று மன்னன் விளங்கிக்கொண்டான். யானையை விட்டு இறங்கி அதனருகே போனான். தொடாமல் வைத்தியம் செய்ய முடியாது, ஆனால் உன் இனத்துக்குச் சட்டென்று கோபம் வருமே, உன்னை எப்படித் தொடுவேன் என்று அதனிடமே கேட்டான். பாம்பு தன் தலையைப் புற்றுக்குள் நுழைத்துக்கொண்டு உடலை வெளியே அசையாமல் வைத்தது. மன்னன் மடியிலிருந்த கத்தியை எடுத்து வயிற்றைக் கீறி, கெட்டதை அகற்றி, மருந்து வைத்தான். பாம்பு உடனே சுகமடைந்தது. நன்றிக்கு ஒரு மாணிக்கத்தைக் கொடுத்தது; அதை அவன் அபயகிரியில் ஒரு கற்சிலைக்குக் கண்ணாக வைத்தான்.

மாணிக்கத்தையும் உடனடிச் சுகத்தையும் விட்டுவிடுவோம். அது நூலாசிரியரின் காலத்துக்கும் பக்திக்கும் உரியது. எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது பாம்பு தன் தலையைப் புற்றுக்குள் வைத்த அந்த இடம். வலியில் இருக்கும் மிருகத்தைக் கையாண்ட எவருக்கும் இது தெரியும். வீட்டில் வளர்ந்த, பிள்ளையின் கையிலிருந்து சோறு தின்ற நாய்கூட, கால் முறிந்த அன்று எசமானின் கையைக் கடிக்கும். அது துரோகமில்லை, நோவு. அதனால்தான் எந்தக் கால்நடை வைத்தியரும் முதலில் வாயைத் துணியால் கட்டுகிறார் அல்லது தலையை ஒருவர் அணைத்துப் பிடிக்கச் சொல்கிறார். முதலுதவியின் முதல் பாடத்தை இந்தக் கதை பாம்பின் செயலாகவே சொல்லிவிட்டது. இதைக் கற்பனை செய்தவர் யாராக இருந்தாலும், அவர் நோயுற்ற மிருகத்தின் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

இரண்டாவது கதையில் ஒரு குதிரை. புழு விழுந்த பாலைக் குடித்த பிக்கு ஒருவர் வயிற்றுநோயால் துடித்தார். அந்த வேளையில் மன்னன் ஒரு குதிரைக்கு இரத்தம் எடுத்து வைத்தியம் செய்யவேண்டியிருந்தது. எடுத்த இரத்தத்தைப் பிக்குவுக்குக் குடிக்கக் கொடுத்து, குடித்த பிறகு அது என்னவென்று சொன்னான். அவர் உடனே வாந்தியெடுத்தார். புழுக்கள் வெளியே வந்தன. ஒரே கீறலில் குதிரையும் சுகம், துறவியும் சுகம் என்று மன்னன் மகிழ்ந்தானாம். இன்றைய வைத்தியம் இதை ஏற்காது; வீட்டில் செய்துபார்க்கவும் கூடாது. ஆனால் மனிதனுக்கு ஒரு வைத்தியம், மிருகத்துக்கு அதைவிடக் கீழான ஒன்று என்ற பிரிவு அந்தக் கையில் இருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சாதியும் அந்தக் கையைத் தடுக்கவில்லை. பிள்ளை குறுக்கே நின்று பிரசவிக்க முடியாமல் கிடந்த சண்டாளப் பெண் ஒருத்தியையும் அவன் காப்பாற்றினான் என்று நூல் சொல்கிறது. அரண்மனை வைத்தியன் அந்தக் காலத்தில் அந்தத் தெருவுக்குள் போவான் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி, கதைகளை விட்டு ஏற்பாடுகளுக்கு வருவோம். இந்த மனிதனைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது இந்த இடத்தில்தான். அதிசயம் எதுவும் இல்லாமல், ஓர் அலுவலகக் கோவையைப் போல நூல் அடுக்கிச் செல்கிறது. பத்துக் கிராமங்களுக்கு ஒரு வைத்தியரை நியமித்தான். அவர்களுடைய சீவனத்துக்கு வயல் வருமானத்தில் பங்கு ஒதுக்கினான். வைத்திய நூல்களின் சாரத்தைத் திரட்டி ஒரு தொகுப்புச் செய்தான். சாரார்த்த சங்கிரகம் என்ற வடமொழி நூல் இன்றும் அவன் பெயரால் வழங்குகிறது. யானைகளுக்கும் குதிரைகளுக்கும் போர்வீரர்களுக்கும் தனித்தனியாக வைத்தியர்களை வைத்தான். பெருவீதிகளில் முடவர்களுக்கும் குருடர்களுக்கும் இல்லங்கள் அமைத்தான்.

கடைசி இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். யானை, குதிரை, போர்வீரன் ஆகிய மூவரும் அரசனின் படை. அவர்களைச் சுகப்படுத்தினால் மறுபடி யுத்தத்துக்கு அனுப்பலாம். அதில் பெரிய கருணை ஒன்றும் இல்லை, கணக்குத்தான் இருக்கிறது. வண்டில் இழுத்த எருதுக்கும் வயல் உழுத எருமைக்கும் அரச வைத்தியர் இருந்ததாக நூல் சொல்லவில்லை என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் முடவரும் குருடரும் எந்தப் படைக்கும் உதவாதவர்கள். அவர்களில் எத்தனை பேர் பழைய யுத்தங்களில் காலையோ கண்ணையோ கொடுத்தவர்கள் என்று நூல் கணக்குச் சொல்வதில்லை. எந்த நாட்டிலும் அத்தகையவர்கள் கொஞ்சமாக இருந்ததில்லை. உதவாதவர்களுக்கும் வீடு வேண்டும் என்று முடிவெடுத்து, அதையும் கண்ணுக்கு மறைவான மூலையில் கட்டாமல் பெருவீதியில் கட்டியது வேறுவகைச் செயல்.

யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல ஓடிய பிறகும், காலிழந்தவர்களைப் பெருவீதியிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறோம் என்று எம்மவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சிந்தனை புத்ததாசனோடு தொடங்கவுமில்லை. அவனுக்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன், கிறிஸ்துவுக்கு முந்திய 3ஆம் நூற்றாண்டில், அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு இருவகை வைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறது: மனிதருக்கு ஒன்று, மிருகங்களுக்கு ஒன்று. மூலிகைகளை நட்டதையும், மனிதரும் மிருகங்களும் பயன்பெறக் கிணறுகள் வெட்டி மரங்கள் வைத்ததையும் சொல்கிறது. அந்த ஏற்பாடு தன் நாட்டில் மட்டுமல்ல, சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளிலும் தாமிரபரணி வரையிலும் நடந்ததாக அந்தக் கல் பெயர் சொல்லி அடுக்குகிறது. அதாவது தமிழ் நாடுகளும் இலங்கையும் ஒரே வாக்கியத்தில், சண்டைக்காக அல்லாமல் மருந்துக்காகச் சேர்ந்து வருகின்றன. இதையும் நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

எமது பக்கத்திலும் இந்த அறிவு இருந்தது. மாட்டு வாகடம் என்ற வகை நூல்கள் தமிழில் உண்டு. விசகடிப் பரியாரியும் முறிவு வைத்தியரும் மனிதருக்குக் கட்டிய அதே பத்தையை ஆட்டுக்கும் நாய்க்கும் கட்டினார்கள். மூங்கில் பத்தை, துணி, எண்ணெய், பொறுமை. கால்பிசகிய மாட்டுக்குச் சூடு போடும் வழக்கமும் இருந்தது, இன்னும் முற்றாக ஒழியவில்லை. எனது பெத்தப்பா காலத்துப் பட்டிக்காரர்கள் அதை நம்பினார்கள். நான் நம்பவில்லை. இருக்கும் நோவுக்கு மேல் ஒரு தீக்காயத்தைச் சேர்ப்பதைத் தவிர அதனால் மூட்டுக்கு ஆவது ஒன்றுமில்லை. எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து, மெல்ல நடக்கவைத்தவர்களின் வழிதான் இன்றைய வைத்தியத்தோடு ஒத்துப்போகிறது.

இன்று அதற்கு விலங்கு இயன்மருத்துவம் என்று பெயர். வெளிநாடுகளில் நாய்க்கும் பூனைக்கும் குதிரைக்கும் இதற்கென்றே நிலையங்கள் உண்டு: நீர்த்தொட்டிக்குள் ஓடும் நடைபட்டி, மின்தூண்டல், சக்கர வண்டி. எமக்கு மாவட்டக் கால்நடை வைத்தியரும், அவரால் முடியாதபோது பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடமும் இருக்கின்றன. சாகாமத்திலிருந்து பேராதனைக்கு ஒரு நாயைக் கொண்டுபோகும் செலவை நினைத்தாலே பலரும் கைவிட்டுவிடுவார்கள். ஆனால் இந்த வைத்தியத்தின் பெரும்பகுதி இயந்திரத்தில் இல்லை. எலும்பு முறிந்ததா, முதுகெலும்பு அடிபட்டதா என்று வைத்தியர் ஒருமுறை பார்த்துச் சொன்ன பிறகு, மீதி வேலை வீட்டு முற்றத்தில் நடக்க வேண்டியது.

நான் பார்த்தும் செய்தும் அறிந்தவற்றைச் சொல்கிறேன். அடிபட்டு முதல் இரண்டு மூன்று நாள் வீக்கத்துக்குக் குளிர். பழைய மூட்டு நோவுக்குச் சூடு. இதை மாற்றிச் செய்தால் வீக்கம் கூடும். இடுப்புக்குக் கீழே இயங்காத நாயின் பின்னங்கால் விரலைக் கிள்ளினால் அது காலை இழுக்கும். உடனே உணர்ச்சி இருக்கிறது என்று சந்தோஷப்படக் கூடாது. முள்ளந்தண்டு மூளையைக் கேட்காமலே காலை இழுக்கவல்லது. நாய் தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்று பார்க்க வேண்டும். முனகினால் நம்பிக்கை உண்டு. அப்படிப்பட்ட நாய் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாமலும் இருக்கலாம். நாளுக்கு இரண்டு மூன்று தடவை அடிவயிற்றை மெல்ல அமுக்கி வெளியேற்ற வேண்டும். எப்படி என்று வைத்தியரிடம் ஒருதரம் கைபிடித்துக் கற்றுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாததால் சாகும் நாய்கள், காலுக்காகச் சாவதில்லை, சிறுநீரகத்துக்காகச் சாகின்றன.

கிடக்கும் மிருகத்தைச் சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். மாட்டுக்கு இது நாயைவிட அவசரம். பெரிய உடல் தன் பாரத்தாலேயே அடியிலிருக்கும் தசையையும் நரம்பையும் நசுக்கிவிடும். விழுந்த மாடு எழாமல் போவதற்கு முதலில் வந்த நோயைவிட, ஒரே பக்கமாகக் கிடந்ததே பல நேரம் காரணம். சீமெந்துத் தரையில் கிடத்தாமல் மணலிலோ வைக்கோலிலோ கிடத்துங்கள். நாய்க்குச் சாக்கு விரித்தால் போதும். வழுக்கும் தரையில் கிழநாய் எழ முயன்று மறுபடி விழுவதே அதன் மனத்தை உடைக்கும்.

பிறகு பயிற்சி. ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்ட வேண்டும், பத்துத் தடவை, காலையும் மாலையும், நோவு தொடங்கும் இடத்தில் நிறுத்தி. பழைய சாரத்தை வயிற்றுக்குக் கீழே கொடுத்து இரு முனையையும் தூக்கிப் பிடித்தால், நாய் தன் பாரத்தில் பாதியை உங்கள் கையில் விட்டுவிட்டு நிற்கப் பழகும். நாயின் நிறையில் ஏறத்தாழ 60 சதவீதத்தை முன்னங்கால்கள்தான் சுமக்கின்றன. பின்னங்கால் ஒன்றை இழந்த நாய் முன்னங்காலை இழந்த நாயைவிட இலகுவாக ஓடுவது அதனால்தான். நடைப் பயிற்சி மெதுவாக இருக்க வேண்டும். ஓடவிட்டால் நோவுள்ள காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும். மெல்ல நடக்கும்போதுதான் நான்காவது காலை ஊன்றித் தீரவேண்டும். தண்ணீருக்குள் நடத்தினால் இன்னும் நல்லது, இடுப்பளவு நீர் உடல் பாரத்தில் பாதிக்குமேல் தாங்கிக்கொள்ளும். குளக்கரையில் இருக்கும் எமக்கு இது இலவசம், முதலை இல்லாத கரையைத் தெரிந்தெடுத்தால். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: எமக்கு வாங்கிய நோவுக்குளிசையைக் கொடுக்காதீர்கள். பனடோல் பூனையைக் கொன்றுவிடும்.

மிகிந்தலையில் பழைய வைத்தியசாலையின் இடிபாட்டுக்குள் மனித உருவில் குடைந்த கல் தொட்டி ஒன்று இருக்கிறது. மருந்தெண்ணெய் ஊற்றி நோயாளியைக் கிடத்துவதற்கானது. அது புத்ததாசனுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. ஆனால் உடலைத் திரவத்தில் மிதக்கவிட்டு நோவையும் பாரத்தையும் குறைக்கும் யோசனை, இன்றைய நீர்த்தொட்டி நடைபட்டியின் யோசனையிலிருந்து அவ்வளவு தூரமில்லை. அங்கே போனால் விகாரையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்.

யானைக்கு இதெல்லாம் போதாது. பின்னவலவில் சாமா என்ற யானை, குட்டியாக இருக்கும்போது மிதிவெடியில் முன்னங்கால் ஒன்றின் பாதத்தை இழந்து, மூன்று காலில் வளர்ந்தது. அதைக் காணப் பிள்ளைகளைக் கூட்டிப்போன பலர் எம்மில் இருப்பார்கள். பர்மா எல்லையில் 2006இல் ஏழு மாதக் குட்டியாக மிதிவெடியில் காலிழந்த மோஷாவுக்கு, தாய்லாந்தின் லம்பாங் யானை வைத்தியசாலையில் செயற்கைக் கால் பொருத்தினார்கள். குட்டி வளர வளரக் கால் சிறுத்துப்போகும். திரும்பத் திரும்பப் புதிய கால். பாரம் வேறு, டொன் கணக்கில். அந்தக் காலைச் செய்தவர் மனிதருக்குக் கால் செய்துகொண்டிருந்த வைத்தியர். ஜெய்ப்பூரிலும் அதுபோன்ற ஒன்று நடந்தது. எம்மில் எத்தனையோ பேரை எழுந்து நடக்கவைத்த ஜெய்ப்பூர் கால் பிறந்த அதே நகரத்தில், கால்நடை மருத்துவர் ஒருவர் கன்றுகளுக்கும் நாய்களுக்கும் கிருஷ்ணா லிம்ப் என்ற பெயரில் கால் செய்யத் தொடங்கினார். முதலில் மனிதர், மிச்சமிருந்தால் மிருகம் என்று சொல்பவர்களுக்கு இந்த இரண்டு இடங்களையும் காட்டுவேன். மனிதனுக்குச் செய்து தேர்ந்த கை மிருகத்துக்குச் செய்தது. மிருகத்துக்குச் செய்ததால் மனிதனுக்கு எதுவும் குறைந்துபோகவில்லை.

முல்லைத்தீவுப் பக்கத்தில் நான் சந்தித்த ஒருவர், இரண்டு கால்களும் இல்லாதவர், தன் பழைய சக்கர நாற்காலியின் சிறிய முன்சில்லுகளைக் கழற்றி, பீவீசி குழாய் வளைத்து, லொறி ஏறி இடுப்பு நசுங்கிய தன் நாய்க்கு வண்டில் கட்டியிருந்தார். அரச உதவியோ தொண்டு நிறுவனமோ அதில் சம்பந்தப்படவில்லை. எந்த உயரத்தில் தோள்பட்டி வரவேண்டும், எங்கே உரசினால் புண்வரும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவைப்படவில்லை.

புத்ததாசனிடம் திரும்புவதற்கு இன்னொரு நோயாளி மிச்சமிருக்கிறான். அவன் ஒரு குட்டரோகி. மன்னனை வெறுத்தவன். பெயரிலிருக்கும் தாசன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, அவன் என் அடிமை என்று ஏசியபடி, கோபம் பொங்கும்போதெல்லாம் தடியால் நிலத்தில் அடிப்பான். முற்பிறவிப் பகை என்று நூல் காரணம் சொல்கிறது. நோயோடும் ஒதுக்கலோடும் கிடப்பவனுக்கு ஆள்பவன்மேல் கோபம் வர முற்பிறவி தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். மன்னன் அவனைப் பிடித்துவரச் சொல்லவில்லை. ஓர் ஆளை அனுப்பி அவனோடு சிநேகம்பிடிக்க வைத்தான். அந்த ஆள் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், குளிப்பாட்டி, நல்ல உணவும் மெல்லிய உடையும் கொடுத்து, நாட்கணக்காகப் பராமரித்தான். உடல் தேறி மனமும் தணிந்த பிறகுதான் இதெல்லாம் யாருடைய ஏற்பாடு என்று சொல்லப்பட்டது.

இந்தக் கதையில் கத்தியும் இல்லை, அதிசய மருந்தும் இல்லை. குளிப்பு, சோறு, துணி, பக்கத்தில் ஓர் ஆள், நாட்கள். வருடக்கணக்காகக் கிடந்த உடலைத் திரும்ப எழுப்பும் வேலை என்று இன்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இதுதான். கடிக்க வரும் நாயை மூன்று வாரம் தூரத்திலிருந்து சோறு வைத்தே பழக்கியவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

மன்னன் இறந்த செய்தி கேட்டபோது அந்தக் குட்டரோகி நெஞ்சு வெடித்துச் செத்தான் என்கிறது நூல். 29 ஆண்டு ஆட்சிக்குப் பிறகு மூத்த மகன் உபதிஸ்ஸன் அரசனானான். தகப்பன் கட்டிய இல்லங்களை அவன் மூடவில்லை. முடவருக்கும் குருடருக்கும் நோயாளருக்கும் மேலும் இல்லங்களைக் கட்டினான். பிள்ளைப்பேற்றுக்கு வரும் பெண்களுக்கென்று தனியாகவும் ஒன்றைச் சேர்த்தான்.